ஏலம் விளையும் மலை, ஏலம் போகும் ஊர்

ஒரே பொருளால் பெயர்பெற்ற நகரங்கள் உலகில் பல உண்டு. ஈராக்கின் வடபகுதியில், குர்து மக்கள் மிகுதியாக வாழும் நிலப்பரப்பை ஒட்டியுள்ள கிர்க்குக் அவற்றுள் ஒன்று. 1927ஆம் ஆண்டு அதன் அருகே பாபா குர்குர் என்னுமிடத்தில் எண்ணெய் பீறிட்டெழுந்தது. குர்துகளும் அரபியரும் துருக்மேனியரும் சேர்ந்து வாழும் அந்நகரை, அவ்வளம் யாருக்கு உரியது என்னும் வினா இன்றும் விட்டு நீங்கவில்லை.

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரை 'ஏலக்காய் நகரம்' என்பர். கிர்க்குக்கிற்கு எண்ணெய் காலடியிலேயே கிடைக்கிறது. போடிக்குப் பெயர் தந்த ஏலக்காயோ பெரும்பாலும் அவ்வூரில் விளைவதன்று. மேற்கே உயர்ந்து நிற்கும் ஏலமலையில், இன்றைய கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் விளைந்து கீழே இறங்கி வருவது. மலைச்சரக்கு இறங்கும் வழியில் அமைந்ததே போடியின் பேறு. மூணாற்றுத் தேயிலை ஒருகாலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி குரங்கணியை அடுத்த கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து வண்டிகளில் போடியை அடைந்தது. 1928இல் மதுரையிலிருந்து இருப்புப்பாதையும் வந்து சேர்ந்தது.

ஏலக்காய் மரத்தின் உச்சியில் காய்ப்பதன்று. செடியின் தூரிலிருந்து நிலத்தையொட்டிப் படரும் சரங்களில் காய்க்கிறது. ஆகவே காயெடுப்போர் நாள் முழுதும் குனிந்தோ குந்தியோதான் வேலை செய்தல் வேண்டும். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். முற்றப் பழுத்தால் காய் வெடித்துப் பச்சை நிறம் இழக்கும். முற்றாவிடில் எடை நில்லாது. பதமறிந்து பறிக்கும் இத்திறனைக் கூலிக்கணக்கு தனியே மதிப்பதில்லை. விடியலில் ஜீப்புகளில் ஏறிப் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மாலையில் திரும்புவோர் இன்றும் பலர்.

அவர்கள் கடப்பது மாநில எல்லையுமாகும். தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிக் கிளர்ச்சி நடந்தது. எனினும் 1956ஆம் ஆண்டின் மொழிவழி மாநிலப் பிரிவினையில் அவை கேரளத்திற்கே உரியவாயின. தோட்டம் ஒரு மாநிலத்திலும், உழைப்போர் வீடும் சந்தையும் மற்றொரு மாநிலத்திலுமாக அமைந்தன. 2011ஆம் ஆண்டு டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது மலைவழிகள் அடைபட்டன; தொழிலாளர் பலர் வேலையை விட்டு இறங்க நேர்ந்தது.

'ஏலம்' என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். நறுமணப் பொருளைக் குறிப்பது பழஞ்சொல். விலை கூறி விற்பதைக் குறிப்பது போர்த்துகீசிய மொழிவழி வந்தது. போடியில் இரண்டும் ஓரிடத்தில் கூடுகின்றன! நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மேற்பார்வையில் இங்கும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் மின்னணு முறையில் ஏலம் நடைபெறுகிறது. வணிகர் மாதிரிக் காயை உள்ளங்கையில் உருட்டி, பருமனும் பசுமையும் தேர்ந்தபின் கணினியில் விலை கேட்கின்றனர்.

அவ்விலையை உறுதிசெய்வது போடி மட்டுமன்று. ஏலக்காயைப் பெரிதும் வாங்குவோர் எண்ணெய் வளம் மிக்க அரபு நாட்டினர். விருந்தினருக்கு அவர்கள் அளிக்கும் காப்பியில் ஏலக்காய் தவறாது இடம்பெறும். அச்சந்தையில் நமக்குப் போட்டியாக நிற்பது நடு அமெரிக்காவின் குவாத்தமாலா. இருபதாம் நூற்றாண்டில்தான் ஏலச்செடி அங்குக் குடிபுகுந்தது; இன்று ஏற்றுமதியில் அந்நாடே முந்தி நிற்கிறது. அங்கு விளைச்சல் பெருகினாலும் பொய்த்தாலும் போடியின் ஏலக்கூடத்தில் விலை அசைகிறது.