நான்கு நிமிடம் பொறு!

"சுற்றிலும் தண்ணீர். நடுவில் படகு. அது எப்படித் தீப்பிடிக்கும்?"

இப்படிக் கேட்கத் தோன்றுகிறதா கண்ணு? சபாஷ்! கேள்வி கேட்கிற பிள்ளைக்குத்தான் அறிவியல் வசப்படும். வா, சேர்ந்து யோசிப்போம்.

அமெரிக்காவின் ஏரிகளில் சின்னச் சின்ன மோட்டார் படகுகள் நிறைய ஓடுகின்றன. பலவற்றில் பெட்ரோல் எஞ்சின் படகுக்குள்ளேயே, ஒரு மூடிக்குக் கீழே இருக்கும். சாவி போடுகிற இடத்தில் ஓர் எச்சரிக்கை ஒட்டியிருப்பார்கள். 'எஞ்சினைக் கிளப்பும் முன் விசிறியை 4 நிமிடம் ஓடவிடு' என்று அதில் இருக்கும்.

எதற்கு இந்த 4 நிமிடம்?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். எரிவது பெட்ரோல் திரவம் இல்லை. அதிலிருந்து கிளம்பும் ஆவி. பரணில் மாம்பழம் பழுத்தால் என்ன ஆகிறது? பழம் கண்ணில் படுவதற்கு முன்பே மணம் மூக்குக்கு வந்துவிடுகிறது அல்லவா? பெட்ரோலும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் கலந்துகொண்டே இருக்கும். மைனஸ் 40 டிகிரி கடுங்குளிரில்கூட, தீப்பிடிக்கப் போதுமான ஆவி அதிலிருந்து வரும்.

அந்த ஆவி காற்றைவிட 3, 4 மடங்கு கனமானது. கனமானது எங்கே போகும்? சரியாகச் சொன்னாய், கீழே!

சாலையில் நிற்கும் காரிலிருந்து பெட்ரோல் கசிந்தால், ஆவியைக் காற்று அடித்துக்கொண்டு போக வழி இருக்கிறது. படகில்? தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று அடியில் ஓட்டையே இல்லாமல் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் உள்ளே வராது. ஆவியும் வெளியே போகாது. எஞ்சினுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் அப்படியே தங்கிவிடும். அங்கே 100 பங்கில் ஒன்றரைப் பங்கு ஆவி இருந்தாலே போதும். சாவியைத் திருப்பும்போது ஒரு சின்ன மின்பொறி பட்டால், படகே வெடித்துவிடும். அந்த ஆவியை வெளியேற்றத்தான் முதலில் 4 நிமிடம் விசிறியை ஓடவிடுகிறார்கள்.

இதுவரை புரிந்ததா? புரியாவிட்டால் இன்னொரு முறை படி, அவசரமே இல்லை.

இப்போது உனக்கு ஒரு கேள்வி. ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளுகிற விசிறிக் குழாயின் வாய் மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா? கீழேதான்! மேலே வைத்தால் நல்ல காற்றைத்தான் அது இழுத்துக்கொண்டிருக்கும்.

"அந்த விசிறியே பொறி விட்டால் என்ன செய்வது?" என்று கேட்கிறாயா? உன்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும்! அதற்காகத்தான் படகு விசிறியையும், எஞ்சினைக் கிளப்பும் மோட்டாரையும், உள்ளே வரும் பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்ற வைக்காதபடி தனியாகச் செய்கிறார்கள். விலை குறைவு என்று கார் உதிரிபாகத்தைப் படகில் மாட்டுவது பெரிய தப்பு.

இன்னோர் அழகான ஏற்பாடும் உண்டு. எஞ்சினுக்குள் காற்று போகிற வழியாகச் சில நேரம் தீ திரும்பி வரும். அங்கே உலோகத்தாலான ஒரு தடுப்பு இருக்கும். அதன் நெருக்கமான இடுக்குகளில் நுழையும்போது தீயின் சூட்டை உலோகம் வாங்கிக்கொள்ளும். சூடு போனால் தீ ஏது? ஹம்ஃப்ரி டேவி என்ற அறிஞர் 1815ஆம் ஆண்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கம்பி வலை போட்ட விளக்கைச் செய்தார். அதே தத்துவம்தான் இங்கேயும்.

பெட்ரோல் நிரப்பும் நேரம்தான் ரொம்பக் கவனமான நேரம். எஞ்சினை அணைத்து, எல்லோரையும் கரையில் இறக்கிவிட வேண்டும். ஆவி உள்ளே புகாதபடி படகின் கதவு, ஜன்னல்களைச் சாத்த வேண்டும். நிலைமின்சாரப் பொறி வராமலிருக்க, குழாயின் உலோக முனை டாங்கின் வாயைத் தொட்டபடியே இருக்க வேண்டும். தூக்கக்கூடிய சின்ன டாங்க் என்றால் அதைக் கரையில், தரைமேல் வைத்தே நிரப்ப வேண்டும். முடிந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, விசிறியைப் போட வேண்டும்.

அதோடு விட்டுவிடலாமா? கூடாது. விசிறி ஆவியைத்தான் வெளியேற்றும். சிந்திக் கிடக்கும் பெட்ரோலிலிருந்து புது ஆவி வந்துகொண்டே இருக்கும். அதனால் எஞ்சின் மூடியைத் திறந்து மோந்து பார்க்க வேண்டும். வாசனை வந்தால் சாவியைத் தொடவே கூடாது.

கண்ணு, உன் வீட்டுச் சிலிண்டரில் வரும் சமையல் கேஸும் காற்றைவிடக் கனமானதுதான். கசிந்தால் அதுவும் தரையோடு பரவும். அந்த வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடாதே, அணைக்கவும் செய்யாதே. பெரியவர்களைக் கூப்பிட்டுக் கதவு, ஜன்னல்களைத் திறக்கச் சொல். எல்லோரும் வெளியே வந்த பிறகு போன் செய்ய வேண்டிய அவசர எண் 1906. அதை இன்றைக்கே மனப்பாடம் செய்துகொள்.