வங்காள வினைவடிவங்களில் அசைப்பகுப்பும் அழுத்தமும்: ஹேவ்லாக் வழக்கை முன்னிட்டு

அந்தமானைச் சேர்ந்த ஹேவ்லாக் தீவில் (2018 முதல் சுவராஜ் தீவு) கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் 1950களில் குடியமர்த்தப்பட்டனர். அவர்கள் உடன்கொணர்ந்தவை கிழக்கு வங்காள வட்டார வழக்குகள். நூல்களில் பயில்வதோ கொல்கத்தா சார்ந்த பொதுவழக்கு. இவ்விரண்டும் வேறுபடும் இடங்களுள் வினைகளின் அசையமைப்பு மொழிபெயர்ப்பாளர் கருதற்பாலது.

ஸ்பானிய மொழியில் வினையின் பொருளை அழுத்தமே வேறுபடுத்துவதுண்டு. 'கான்-தோ' என்பதன் முதலசை அழுத்தம் பெறின் 'பாடுகிறேன்'. ஈற்றசை பெறின் 'பாடினான்'. பின்னதற்கு உயிரெழுத்தின்மேல் குறியிடுவர். வங்காளத்தில் அழுத்தம் பெரும்பாலும் முதலசையிலேயே நிற்பதால் அதற்கு இப்பணி இல்லை. முதலசையின் உயிரொலியே அதனை ஏற்கிறது.

'செய்' எனப் பொருள்படும் 'கர்' என்னும் வினையைக் காண்போம். பொதுவழக்கில் 'செய்கிறான்' என்னும் முற்றும் 'செய்து' என்னும் எச்சமும் ஒரே எழுத்துகளால் எழுதப்படுகின்றன. இரண்டும் ஈரசைச் சொற்கள். ஆயின் முற்றில் வருவது வாய் அகன்ற ஒகரம். எச்சத்தில் வருவது இதழ் குவிந்த ஒகரம். தமிழெழுத்திலும் இரண்டையும் 'கொரே' என்றே எழுத நேர்கிறது.

இதன் காரணம் எச்சத்தின் வரலாற்றில் உள்ளது. பழைய சாது நடையில் அது 'கொ-ரி-யா' என மூவசையாக இருந்தது. இகரம் ரகரத்திற்கு முன் சென்று 'கொஇ-ரா' என ஈரசையாயிற்று. இதனை வங்காள இலக்கணத்தார் அபினிஹிதி என்பர். கிழக்கு வழக்குகள் இந்நிலையிலேயே நின்றன. மேற்கிலோ இகரம் முன்னுள்ள உயிரோடு கலந்து மறைய, ஈற்று ஆகாரம் ஏகாரமாகத் திரிந்தது, இஃது அபிஸ்ருதி. மறைந்த இகரம் விட்டுச்சென்ற தடயமே குவிந்த ஒகரம். சாது நடையிலும் முற்றில் இகரம் இல்லையாதலின் அங்கு ஒகரம் அகன்றே ஒலிக்கிறது. எனவே 'கொஇரா' என்பாருக்கு எச்சமும் முற்றும் மயங்குவதில்லை. மயக்கம் பொதுவழக்கின் எழுத்துக்கே உரியது.

'ஷே காஜ் கொரே காய்' என்னும் தொடரை முற்றாகக் கொண்டால் 'வேலை செய்கிறான், உண்கிறான்' என இரு செய்திகளாகும். எச்சமாகக் கொண்டாலே 'வேலை செய்து பிழைக்கிறான்' என்னும் உரிய பொருள் கிடைக்கும். முன்னர்ச் சிலர் எச்சத்திற்கு மேற்கொமா இட்டு எழுதினர். அது பரவலாக நிலைபெறாதது இழப்பே.

அத்தொடரின் இறுதிச் சொல்லும் கவனத்திற்குரியது. 'உண்கிறேன்', 'உண்கிறான்' என்னும் இரு வடிவங்களும் ஓரசையின. முன்னது இகரச் சாயலிலும் பின்னது எகரச் சாயலிலும் முடியும். தமிழில் இரண்டையும் 'காய்' என எழுதினால் தன்மையும் படர்க்கையும் ஒன்றாகிவிடும். தன்மை வடிவைக் 'காஇ' என எழுதலாம். ஆனால் அதனை ஈரசையாகப் பிரித்து ஒலித்தல் கூடாது.