தேசியப் பூங்காவுக்குப் போவோம், சுகமாகத் திரும்புவோம்

கோடை விடுமுறை தொடங்கியதும் இல்ஃபோர்ட்டில் எமது வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: "இந்த முறை எங்கே போவது?" பெரும்பாலும் வேறொரு நகரத்தில் உள்ள உறவினர் வீடு, அல்லது ஒரு கோயில் திருவிழா. இரண்டும் நல்லவைதான். ஆனால் காரில் இரண்டு, மூன்று மணித்தியாலத்தில் போய்ச் சேரக்கூடிய தேசியப் பூங்காக்கள் நம் கண்ணில் படுவதில்லை.

அதற்குக் காரணமும் உண்டு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களுக்கும், பின்னர் வன்னியில் மரங்களின் கீழ் தறப்பாள் கட்டி இருந்தவர்களுக்கும் காடு உல்லாசத்துக்குரிய இடமாக இருந்ததில்லை. பை கட்டுவது என்றால் ஓடுவதற்கு ஆயத்தம் என்றே பழகிவிட்டோம். இங்கு வந்து எத்தனையோ ஆண்டுகளாகியும் வீடு, வேலை, கடை என்று சுற்றிக்கொண்டிருக்கிறோம். முழங்கால் நோ, நீரிழிவு, மனச்சோர்வு என்று வைத்தியர்களாகிய எங்களிடம் வருபவர்களுக்குக் குளிசையோடு நடையும் வெளிக்காற்றும் தேவை.

எங்கே போகலாம்?

1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகப் பிறந்தவை இந்த நாட்டின் பெரும்பாலான தேசியப் பூங்காக்கள். முதலாவது பீக் டிஸ்ட்ரிக்ட், 1951இல். இன்று பிரித்தானியாவில் 15 உண்டு. யால, வில்பத்து போல வாசலில் சீட்டு வாங்கி ஜீப்பில் ஏறும் இடங்கள் அல்ல இவை. உள்ளே கிராமங்களும் பண்ணைகளும் இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் இல்லை. கார் நிறுத்துவதற்குத்தான் பல இடங்களில் பணம்.

டார்ட்ஃபோர்ட் கடவையைத் தாண்டித் தெற்கே போனால் சவுத் டவுன்ஸ் (2010). அதன் கிழக்கு முனையில்தான் செவன் சிஸ்டர்ஸ் என்ற வெள்ளைச் சுண்ணாம்புக் குன்றுகள். கடவைக் கட்டணத்தை மறுநாள் நள்ளிரவுக்குள் செலுத்த மறக்க வேண்டாம். எம் 25, எம் 3, எம் 27 வழியே நியூ ஃபொரெஸ்ட் (2005). எம் 11, ஏ 11 வழியே நோர்விச் பக்கம் போனால் படகுகள் ஓடும் த புரோட்ஸ். பீக் டிஸ்ட்ரிக்டுக்கு ஓரிரவு தங்கும் திட்டத்தோடு போவது நல்லது.

நடந்து பழகாதவர்கள் முதலில் வலன்டைன்ஸ் பார்க்கில் தினமும் அரை மணித்தியாலம் நடக்கட்டும். பிறகு ஹேனோல்ட் அல்லது எப்பிங் காட்டில் ஒரு ஞாயிறு. அதன் பின் நெடும்பயணம்.

சாரதியின் நித்திரை

சனி இரவு பெற்றோல் நிலையத்திலோ கடையிலோ வேலை முடித்து, ஞாயிறு விடிய ஆறு மணிக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு புறப்படுவது நம்மவர் வழக்கம். இது ஆபத்து. முதல் நாள் இரவு முழு நித்திரை இல்லாதவர் ஓடக் கூடாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குறைந்தது 15 நிமிடம் நிறுத்துங்கள். கண் சொருகினால் பாட்டோ திறந்த யன்னலோ காப்பாற்றாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இரண்டு கோப்பை கோப்பி குடித்து, கால் மணித்தியாலம் கண்ணயருங்கள். தும்மலுக்குப் பிரிட்டோன் போட்டவரும் ஓடக் கூடாது. அது நித்திரையை வரவழைக்கும்.

நீரிழிவு உள்ளவர்கள்

இன்சுலின் போடுபவர் அதை டிவிஎல்ஏக்கு அறிவித்திருக்க வேண்டும். புறப்படுவதற்கு முந்திய இரண்டு மணித்தியாலத்துக்குள்ளும், ஓடும்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் இரத்தச் சீனியைப் பார்க்க வேண்டும். 5க்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட வேண்டும். 4க்குக் கீழே என்றால் ஓடவே கூடாது. வழியில் குறைந்தால் நிறுத்தி, திறப்பை எடுத்து, சாரதி இருக்கையை விட்டு இறங்கி இனிப்பு உட்கொள்ளுங்கள். சீனி வழமைக்கு வந்தபின் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும். கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளும் சீனியைத் திடீரென இறக்கலாம். இன்சுலினை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள்.

கட்டுச்சோறு

சோறில்லாமல் பயணம் உண்டா? ஆனால் சோற்றில் ஒரு சிக்கல் இருக்கிறது. அரிசியில் உள்ள ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. சோறு இளஞ்சூட்டில் மணிக்கணக்காக இருந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சமைத்த சோற்றை ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் ஐஸ் கட்டிகளோடு குளிர்ப்பையில் எடுத்துச் சென்று மதியமே சாப்பிட்டு முடியுங்கள். தேங்காய்ச் சம்பலும் அப்படித்தான்.

உண்ணிக் கடி

நியூ ஃபொரெஸ்ட், சவுத் டவுன்ஸ் இரண்டிலும் உண்ணிகள் உண்டு. சில உண்ணிகள் லைம் நோயைக் கடத்தும். நீளக் காற்சட்டை அணிந்து அதைச் சப்பாத்துறைக்குள் செருகுங்கள். மாலையில் பிள்ளைகளின் தலைமயிர், கமக்கட்டு, முழங்காலின் பின்பக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். உண்ணி இருந்தால் நுனி மெல்லிய குறட்டினால் தோலோடு ஒட்டப் பிடித்து மெதுவாக மேலே இழுங்கள். நெருப்போ எண்ணெயோ வேண்டாம். ஒன்றிலிருந்து நான்கு கிழமைக்குள், சிலருக்கு மூன்று மாதம் வரையிலும், பரவிச் செல்லும் தழும்பு தோன்றலாம். வைத்தியப் புத்தகப் படங்களில் அது வெள்ளைத் தோலில் சிவப்பு வட்டம். நமது தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. கருமையாகவோ காயம்போலவோ இருக்கலாம். சந்தேகமென்றால் "காட்டுக்குப் போனோம்" என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். நேரத்தோடு கண்டால் நுண்ணுயிர்கொல்லி மருந்தால் குணமாக்கலாம்.

கடலும் குன்றின் விளிம்பும்

2016 ஓகஸ்ட் 24 அன்று சசெக்ஸ் கரையில் காம்பர் சான்ட்ஸில் ஐந்து தமிழ் இளைஞர்கள் கடலில் மாண்டார்கள். ஒருநாள் பயணமாக லண்டனிலிருந்து போனவர்கள். அன்று அந்தக் கரையில் உயிர்காப்பாளர் இல்லை. அந்தப் பெற்றோரின் துயரத்துக்குச் சொல்லில்லை. மற்றப் பிள்ளைகளையாவது காப்பது நம் கடன்.

சவுத் டவுன்ஸ் போகிறவர்கள் பலர் கடலிலும் இறங்குவார்கள். சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளியுங்கள். இழுத்துச் செல்லப்பட்டால் அடித்து நீந்தாமல் மல்லாந்து, காதுகள் நீரில் இருக்கத் தலையைச் சாய்த்து மிதக்கப் பாருங்கள். கரையில் நிற்பவர் 999ஐ அழைத்துக் கோஸ்ட்கார்டைக் கேட்க வேண்டும். பின்னால் பாயக் கூடாது. செவன் சிஸ்டர்ஸில் சுண்ணாம்புப் பாறை முன்னறிவிப்பின்றி இடிந்து விழும். படம் எடுக்க விளிம்புக்குப் போகவும் வேண்டாம், கீழே பாறையடியில் இருக்கவும் வேண்டாம்.

முதியவர்களும் வரட்டும்

"நான் வீட்டில நிற்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ" என்று அம்மாமார் சொல்வது பெரும்பாலும் மலசலகூடத்தை நினைத்துத்தான். வழியில் எங்கெங்கு மலசலகூடம், எங்கு சமதரைப் பாதை, எங்கு வாங்கு என்று முன்பே பார்த்து அவர்களிடம் சொல்லுங்கள். சலம் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது முதியவர்களுக்குக் கூடாது.

புறப்படும் முன்

எல்லோருடைய மருந்துகளையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். இழுப்பு உள்ளவரின் பம்ப் கைப்பையில் இருக்கட்டும். 12 வயதாகாத, 135 சென்ரிமீற்றரிலும் உயரம் குறைந்த பிள்ளைகளுக்குத் தனி இருக்கை வேண்டும். ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, வரும் பதிலின்படி பதிந்துவைத்தால், குரல் அழைப்பு எடுபடாத இடத்திலும் குறுஞ்செய்தியால் உதவி கேட்கலாம்.

இவ்வளவும் பயப்படுத்துவதற்கு அல்ல. ஆயத்தத்தோடு போனால் அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் ஒரே மரநிழலில் இருந்து சாப்பிடலாம். இந்தக் கோடையில் ஒரு நாளை அதற்கென ஒதுக்குவோம்.