தலை இல்லாமல் வரும் மீன்



ஜேர்மனிக்கு வந்த புதிதில் எமக்கிருந்த பெரிய குறைகளில் ஒன்று மீன் தலை. கடைகளில் கிடைத்தவை பெரும்பாலும் முள்ளெடுத்த வெள்ளைத் துண்டுகள்தான். ஒருநாள் அப்படியொன்றை வாங்கிப் புளி விட்டுக் குழம்பு வைத்தோம். "இது எங்கட கொடுவா மாதிரியெல்லோ இருக்கு!" என்று வியந்தோம். பெட்டியில் 'விக்ரோரியாபார்ஷ்' என்றிருந்தது.

நாம் சொன்னது பிழையில்லை. இது கொடுவாவுக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் நன்னீரில் வாழ்வது. ஆங்கிலத்தில் 'நைல் பேர்ச்' என்பார்கள். 2 மீற்றர் நீளமும் 200 கிலோ எடையும் வரை வளரக்கூடியது. உகண்டா, கென்யா, தன்சானியா ஆகிய மூன்று நாடுகளுக்கும் பொதுவான விக்ரோரியா ஏரியிலிருந்து வருகிறது. அந்த ஏரி இலங்கைத் தீவை விடப் பெரியது!

அந்த ஏரிக்கும் இது வந்தேறிதான். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் கொண்டுவந்து விட்டார்கள். இது பெருகியபின், ஏரிக்கே உரிய சிறுமீன் இனங்கள் நூற்றுக்கணக்கில் அழிந்தன, அல்லது அருகிப்போயின. சிறுமீனை வெயிலில் காயவைக்கலாம். கொழுப்புள்ள இந்த மீனுக்குப் புகை போடவேண்டும். அதற்கு விறகு வேண்டும். அதனால் கரையோர மரங்களும் வெட்டப்பட்டன.

மறுபக்கமும் உண்டு. ஏரிக்கரையில் மீன் வெட்டும் தொழிற்சாலைகள் எழுந்தன. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது. இந்த மீனில் வீணாவது எதுவுமில்லை. சதை ஐரோப்பாவுக்கு. வயிற்றிலுள்ள காற்றுப் பை உலர்த்தப்பட்டு, சூப் வைக்கச் சீனாவுக்குப் போகிறது. சதையை விட அதற்கு விலை அதிகம். தோலைப் பதனிட்டுக் கைப்பைகள் செய்கிறார்கள். மிஞ்சுவது தலையும் நடுமுள்ளும். கென்யாவின் ஏழைகள் அதைப் பொரித்துச் சாப்பிடுகிறார்கள். அதன் பெயர் 'ம்கொங்கோ வாசி', அதாவது வெறும் முதுகு.

1999இல், நஞ்சிட்டு மீன் பிடிக்கிறார்கள் என்ற காரணத்தால் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியைத் தடைசெய்தது. 2000இல்தான் தடை முழுமையாக நீங்கியது. அதற்கிடையில் தொழிற்சாலைகள் மூடப்பட்டு, வேலையாட்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த நிலை எப்படியிருக்கும் என்று தொழிற்சாலையில் நிற்கும் எமக்குச் சொல்லத் தேவையில்லை.

கடலோரத்தில் பிறந்தும், 1990களின் கடல் தடைக்காலத்தில் மீனுக்கு ஏங்கியவர்கள் நாம். ஆகவே இந்த மீனை வாங்கவேண்டாம் என்று சொல்லமாட்டோம். வாங்காவிட்டால் அங்கே ஒருவரின் வேலை போகும். ஆனால் பெட்டியில் எந்த நாட்டு மீன் என்று எழுதியிருக்கும். அதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம். முள்ளில்லாத மீனையே அறிந்த அவர்களுக்கு, அந்த முள் யாருடைய கோப்பைக்குப் போனது என்றும் சொல்லிக்கொடுப்போம்.