கார்போகரிசிச் சாறு: சருமத்தில் பூசும் முன் அறிய வேண்டியவை

கார்போகரிசி என்பது கார்போகிச் செடியின் கருநிற உலர்கனி. பெயரில் அரிசி இருப்பினும் இது தானியமன்று. குளியல் பொடிகளிலும் வெண்புள்ளிக்கான எண்ணெய்களிலும் சேர்க்கப்படுகிறது.

எவ்வாறு செயற்படுகிறது?

இக்கனியிலுள்ள சோராலென், புற ஊதா ஏ கதிர்களால் சருமம் எளிதில் பாதிக்கப்படச் செய்கிறது. வெண்புள்ளி சிகிச்சையில் மருத்துவர்கள் சோராலெனை அளவிட்ட ஒளியுடன் பயன்படுத்துகின்றனர். மற்றொரு சேர்மமான பக்குச்சியோலுக்கு இப்பண்பு இல்லை. முகச்சுருக்கப் பூச்சுகளில் இடம்பெறுவது இதுவே. 2019-இல் வெளியான, 44 பேர் பங்கேற்ற 12 வார ஆய்வில், சுருக்கத்தைக் குறைப்பதில் இது ரெட்டினாலுக்கு இணையாக இருந்தது. ஆய்வு சிறியது என்பதையும் கருத வேண்டும்.

ஆபத்து என்ன?

சோராலென் நீக்கப்படாத சாற்றையோ எண்ணெயையோ பூசிக்கொண்டு வெயிலில் சென்றால் சருமம் வெந்துபோகலாம். சிவப்பும் கொப்புளமும் ஓரிரு நாள் கழித்தே வெளிப்படக்கூடும். ஆகவே பலர் காரணத்தை உணர்வதில்லை. பின்னர் கருந்தழும்பு பல வாரங்கள் நீடிக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

• பொருள் பட்டியலில் 'பக்குச்சியோல்' என்றுள்ளதா, 'சோராலியா கோரிலிஃபோலியா' சாறு என்றுள்ளதா எனப் பார்க்கவும். இரண்டும் ஒன்றல்ல.
• வெண்புள்ளி உள்ளவர்கள் தாமாகவே எண்ணெய் பூசி வெயிலில் நிற்க வேண்டாம்.
• மருத்துவ ஆலோசனையின்றி உட்கொள்ள வேண்டாம். கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியுள்ளன.
• கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் முதலில் மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும்.
• கொப்புளம் தோன்றினால் உடைக்காமல், வெயிலைத் தவிர்த்து, தோல் மருத்துவரை அணுகவும். பூசிய பொருளையும் உடன் எடுத்துச் செல்லவும்.