எங்கள் தெருக் கிணறு

பேரணாம்பட்டில் நாம் பிறந்து வளர்ந்த தெருவின் முனையில் ஒரு கிணறு உண்டு. நம் வீட்டாரும் அடுத்திருந்த பாய் வீட்டாரும் அதில்தான் நீர் இறைத்தோம். ஒருநாள் அந்நீரில் பருப்பு வேகவில்லை. விறகு குறைவென்று அன்னையார் நம்மைக் கடிந்துகொண்டார்; குறை விறகில் இல்லை என்பது சில மாதங்களில் தெரிந்தது. நீர் உவர்த்துவிட்டது.

தந்தையார் தோல் பதனிடும் சாலையில் வேலை செய்தவர். வாடை பொறுக்காமல் நாம் மூக்கைப் பிடித்தால், "இந்த வாடையிலேதானடா உனக்குச் சோறு" என்பார். அது உண்மை. ஆகவே அத்தொழிலைப் பழித்தெழுத நமக்கு மனம் வரவில்லை.

முன்னாளில் ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறித் தோல் பதமாயிற்று. 1970களில் அரைப்பதத் தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுமை பெற்ற தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. குரோமிய உப்பு பரவிற்று. வாரங்களின் வேலை ஓரிரு நாளில் முடிந்தது. வேலையும் பெருகியது, கழிவுநீரும் பெருகியது. பச்சைத் தோல் கெடாதிருக்க இடும் கறியுப்பைக் கழுவிய நீரோ அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. குரோமியத்தைப் பிரித்தெடுக்கலாம்; நீரில் கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பு அகற்றுவதில்லை. கிணறுகளைக் கெடுத்ததில் பெரும்பங்கு அவ்வுப்புக்கே.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பு வந்தது. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதாக அதில் குறித்திருந்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். ஆலை ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதமும் உண்டு. பின்னர் நிலமுடையோருக்கு இழப்பீடு கணக்கிடப்பட்டது. நிலமில்லாத எங்கள் தெருவில் எவருக்கும் அதில் ஒரு காசும் வந்ததாக நாம் அறியோம். கிணற்று நீரைக் குடித்தவர்களுக்குப் பட்டா ஏது?

2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம், இழப்பீடு கிடைக்காத குடும்பங்களுக்கு அதை வழங்கவும், பாலாற்றுப் படுகையைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் குழு அமைக்கவும் ஆணையிட்டது. முதல் தீர்ப்பு வந்தபோது நம்மோடு பேசி மகிழ்ந்த பாய் அதற்குள் காலமாகிவிட்டார்.

இன்று தெருப் பெண்கள் விடியலில் ஆம்பூர்க் காலணி ஆலைகளின் பேருந்துக்குக் காத்து நிற்கிறார்கள். அவர்களின் ஊதியத்தால் சில கூரை வீடுகள் மாடிவீடுகளாகியுள்ளன. இதையும் சொல்லாவிடில் நாம் நேர்மையற்றவராவோம். மேட்டூரிலிருந்து காவிரி நீரைக் கொணரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஊருக்கு வந்திருக்கிறது. குழாயில் நீர் வராத நாளில் கேன் வாங்குகிறோம்.

கிணற்றின்மேல் இரும்பு வலை போட்டாயிற்று. அருகிலிருந்த துவைகல் மட்டும் அப்படியே கிடக்கிறது. தண்ணீர் வண்டிக்காரர் கேன்களை அதன்மேல்தான் இறக்கி வைக்கிறார்.