நீதிபதியும் இளைப்பாற்றுச் சம்பளமும்

நீதிபதிக்கு வேண்டுவன யாவை? சட்ட அறிவும் நடுவுநிலைமையும் என்போம். மூன்றாவதொன்றும் உண்டு. அது, முதுமையில் வறுமை நேராது என்னும் உறுதி. அவ்வுறுதி இல்லாதவிடத்து நடுவுநிலைமையும் ஐயத்துக்குள்ளாகும் என்பதற்கு நம் மலைநாட்டு வரலாறே சான்று.

இங்கிலாந்தில் 1701ஆம் ஆண்டுச் சட்டம், நன்னடத்தை தவறாத நீதிபதியை மன்னர் தம் விருப்பப்படி விலக்கவியலாதெனப் பணித்தது. இதனால் நீதிபதியின் அச்சம் நீங்கியது. ஆயினும் முதுமையாலும் பிணியாலும் தளர்ந்தவர், வருவாய் நின்றுவிடுமே என அஞ்சி ஆசனத்தைப் பற்றியிருத்தல் கூடும். அவரை விலக்கவும் ஒண்ணாது. அவர் தாமாக விலகவும் மாட்டார். இவ்விடர் தீர, பதவி துறக்கும் நீதிபதிகளுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை வழங்க மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்கு 1799இல் பாராளுமன்றம் அதிகாரமளித்தது. கொடுப்பவர் மன்னர், எல்லை வகுத்தது சட்டம். இந்தியாவிலிருந்த மன்னர் நீதிமன்றங்களின் நீதிபதிகளுக்கான சம்பளத்தையும் இளைப்பாற்றுச் சம்பளத்தையும் 1825ஆம் ஆண்டுச் சட்டமொன்று ஒழுங்குசெய்தது.

இலங்கையிலோ காற்று எதிராக வீசியது. கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுகளை அடுத்து, 1833ஐ ஒட்டிச் சிவில் சேவையினரின் சம்பளம் குறைந்தது. இளைப்பாற்றுச் சம்பளமும் நீக்கப்பட்டது. மாவட்ட நீதிபதிகளாய் அமர்ந்தோரிற் பலர் அச்சேவையினரே. வேறு வருவாய் தேடியோர் கோப்பிச் செய்கையிற் புகுந்தனர். 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேசாதிபதி, நீதிபதிகள், படையதிகாரிகள், குருமார் எனப் பலரும் மலைநாட்டில் முடிக்குரிய நிலங்களை வாங்கினர்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையிடவும் இடந்தந்தது. தமிழகத்திலிருந்து கால்நடையாய் வந்த ஏழையொருவன் கூலி கிட்டாமையைக் கூறி நிற்குங்கால், ஆசனத்தில் இருப்பவரும் ஒரு தோட்டத்துரையாயின் தராசு எப்பக்கம் சாயும்? அனைவரும் முறைதவறினர் என்பது நம் கூற்றன்று. ஐயத்துக்கு இடம் வைத்ததே பெருங்குறை.

குடியேற்றநாட்டு அமைச்சர் ஸ்ரான்லி பிரபுவின் காலத்தில், 1845ஐ ஒட்டி, உத்தியோகத்தர் தோட்டஞ்செய்தல் தடுக்கப்பட்டது, சம்பளம் உயர்ந்தது, இளைப்பாற்றுச் சம்பளமும் மீண்டது.

இன்று, உயர் நீதிமன்ற நீதியரசரின் சம்பளமும் ஓய்வூதிய உரிமையும் நியமனத்தின்பின் குறைக்கப்படலாகாதென 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விதிக்கின்றது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டமோ 1958இலேதான் இயற்றப்பட்டது. கோப்பிக் காடு வெட்டிய தலைமுறையும், 1867இல் தேயிலை வேரூன்றியபின் கொழுந்து கொய்த முதல் தலைமுறைகளும் அத்தகைய காப்பின்றியே மறைந்தன.

தீர்ப்பளிப்போனுக்கு முதுமைக் காப்பு வேண்டுமென்பது நீதி. தீர்ப்பை நாடி நிற்போனுக்கும் அது வேண்டுமென்பது அதனினும் பெரிய நீதி. சட்டம் பயிலப்போகும் நம் மாணவர் இரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்வாராக.